திரும்பிப் பார்க்காமல் ஊற்றிய தண்ணீர்

வாத்து மேய்க்கிற கலியனின் கூட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. ஒரு வயலை விட்டு அடுத்த வயலுக்குக் கிளம்பும்போது குடத்தில் மிச்சமிருக்கிற தண்ணீர், சட்டியில் மிச்சமிருக்கிற தண்ணீர், குழந்தைக்குக் கால் கழுவ மொண்டு வைத்த சொம்புத் தண்ணீர் வரைக்கும் எல்லாவற்றையும் அந்த மண்ணிலேயே ஊற்றிவிட்டு, ஊற்றிய இடத்தைத் திரும்பிப் பார்க்காமல் நடக்க வேண்டும். பழைய வயல் தண்ணீரைக் குடித்த வாத்து பழைய வயலுக்கே ஓடிவிடும், ஊற்றியதை ஒருவர் திரும்பிப் பார்த்தால் மந்தையே திரும்பிவிடும் என்பார்கள். அப்படித் திரும்பிய மந்தையை யாரும் பார்த்ததில்லை, ஏனென்றால் யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

கூட்டம் என்றால் மூன்று தார்ப்பாய்க் கூடாரம், அவ்வளவுதான். ஒன்றில் கலியனும் அவன் பெண்டாட்டி பூங்காவனமும், இன்னொன்றில் கலியனின் தம்பி தனவேலும் அவன் பெண்டாட்டி அஞ்சலாட்சியும் அவர்கள் கைக்குழந்தையும், மூன்றாவதில் கூட்டுக்கு மேய்க்கிற செல்லக்கிளியும் அவள் புருஷனும். அறுவடை முடிந்த வயலில் உதிர்ந்து கிடக்கிற நெல்லுக்கும் நத்தைக்கும் வாத்துகளை இறக்குவார்கள், வயலில் மேய்ச்சல் தீர்ந்ததும் கூடாரத்தைச் சுருட்டி மினி வேனில் போட்டுவிட்டு மந்தையை நடத்திக்கொண்டு அடுத்த ஊருக்குப் போவார்கள், இப்படியே தை பிறந்ததிலிருந்து வெயில் வயலைப் பிளக்கிற வரைக்கும் ஊர் ஊராகக் கிடப்பார்கள்.

மருமகளாக வந்த அஞ்சலாட்சிக்கு இந்தப் பிழைப்பில் எல்லாம் பிடித்துத்தான் இருந்தது, குளிப்பதைத் தவிர. சுற்றிலும் தண்ணீர், வயலில் தண்ணீர், வாய்க்காலில் தண்ணீர், ஆனால் அத்தனையும் வாத்து இறங்கிக் கலக்கிய தண்ணீர், ஒரு சொம்பு மொண்டு ஊற்றினால் தலையில் நாலு இறகு ஒட்டும். நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் நிலத்துக்காரரின் மோட்டார் தொட்டிக்குப் போக வேண்டும், அது ரோட்டோரம் இருக்கும், டிராக்டரில் போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்க்கக் கட்டிய புடவையோடு குளித்து அந்தப் புடவையோடே காய வேண்டும். குழந்தை பெற்ற உடம்புக்குச் சுடுதண்ணீராவது உண்டா என்றால் அதுவும் கிடையாது.

வரதன் என்பவரின் வயலில் இறங்கிய அன்றைக்குத்தான் அவள் அந்த வேலையைத் தொடங்கினாள். வெயில் பட்டால் தண்ணீர் தானாகச் சுடட்டும் என்று கறுப்பு நிறக் கேனாகப் பார்த்து எடுத்தாள். கேனின் அடிப்பக்கத்தில் ஆணியைக் காய்ச்சி ஓட்டை போட்டு, அதில் ஒரு முழ நீளத்துக்கு ஓஸ் செருகி, தண்ணீர் கசியாமல் சைக்கிள் டியூபை நாடாவாகக் கிழித்து இறுக்கிச் சுற்றினாள். ஓஸின் மறு முனையில் ஒரு ஊறுகாய் டப்பாவைப் பொருத்தி அதன் மூடியில் சின்னச் சின்னதாக ஓட்டை போட்டாள். ஓஸை மடக்கி ரப்பர் மாட்டினால் தண்ணீர் நிற்கும், எடுத்துவிட்டால் மழை மாதிரிக் கொட்டும். வரப்போரத்து வேலிக்காத்தான் கிளையில் கயிற்றைப் போட்டுக் கேனை மேலே இழுத்துக் கட்டி, வாத்து மடக்குகிற வலையைச் சுற்றிலும் நட்டு, அதன்மேல் பழைய புடவைகளைப் போட்டு மறைத்து, கால் சேறாகாமல் இருக்க நடுவில் ஒரு தட்டைக் கல்லையும் போட்டாள்.

"இன்னா அஞ்சல, சினிமாக்காரி குளிக்கிற மாதிரியில்ல பண்ணியிருக்க," என்றாள் செல்லக்கிளி. "உள்ள போயி பாட்டு எதுனா பாடணுமா?"

"பாடாதக்கா. வாத்து மெரண்டு ஓடிடும்."

"ஓடுனா உம் புருஷன் புடிப்பான். நகரு, நான்தான் மொதல்ல."

செல்லக்கிளி உள்ளே போய் ரப்பரை எடுத்தாள். தண்ணீர் கொட்டுகிற சத்தத்துக்கு நடுவே "அடியே" என்றாள், பிறகு ஈரத் தலையைப் புடவைக்கு வெளியே நீட்டி உள்ளங்கையை விரித்தாள். கையில் ஒரு வெள்ளைக்கல் மூக்குத்தி இருந்தது. அது அவள் வயதுக்கு வந்த புதிதில் போட்டது, தாய் வீட்டு ஏரியில் முங்கிக் குளிக்கும்போது போனது, அதற்காக அவள் அப்பாவிடம் வாங்கிய அறையின் தழும்பு கூடத் தாடையோரம் இன்னும் இருந்தது. மூக்குத்தி தலையில் விழுந்து தோளில் வழுக்கிக் கையில் நின்றதாம்.

"அதுதானா, பாத்துச் சொல்லு," என்றாள் அஞ்சலாட்சி.

"என் மூக்குக்குத் தெரியாதா?" என்று சொல்லி அதைப் போட்டுக்கொண்டாள், ஓட்டை தூர்ந்து போயிருந்ததால் கொஞ்சம் ரத்தம் வந்தது, அவ்வளவுதான்.

தண்ணீர் எதை எடுத்துக்கொண்டதோ அதைத் தண்ணீரே கொடுக்கிறது, இழந்தவர் வந்து நின்றால் மட்டும் கொடுக்கிறது, மூடியின் ஓட்டையில் நுழைகிறதை மட்டும் கொடுக்கிறது என்பதை அவர்கள் மெதுவாகத்தான் கண்டுகொண்டார்கள். தனவேலுக்குக் கிணற்றில் விழுந்த சைக்கிள் சாவி வந்தது, சைக்கிள் இப்போது இல்லை. நாத்து நட வந்த ஒரு பெண்ணுக்குக் கம்மல் திருகாணி மட்டும் வந்தது, கம்மல் மேலேயே நின்றுவிட்டது. ஊர்ப் பெண்கள் மஞ்சளும் சீயக்காயும் தூக்கிக்கொண்டு வரப்பில் வரிசையாக உட்கார ஆரம்பித்தார்கள். பித்தளைக் குடத்தைக் கிணற்றில் விட்ட ஒருத்தி வந்து நின்றபோது கேனுக்குள் குடம் உருளுகிற சத்தம் வரப்பு முழுக்கக் கேட்டது, கேனின் வாயைத் திறந்து எட்டிப் பார்த்தால் தண்ணீரும் அதில் ஆகாசமும்தான் தெரிந்தன. "போவுது, பத்திரமாத்தான் இருக்கு," என்று திருப்தியாகத் தலை துவட்டிக்கொண்டு போனாள் அவள்.

இதில் பேய் என்றோ சாமி என்றோ யாரும் சொல்லவில்லை. சண்டைதான் வந்தது. கேனுக்குத் தண்ணீர் யார் சுமப்பது என்று சண்டை, தன் மாமியார் தொலைத்த தோடு தனக்கு ஏன் வரவில்லை என்று ஒருத்தி சண்டை. ஆம்பளைகளுக்கு மத்தியானம், பொம்பளைகளுக்குக் காலை என்று வரதன் வந்து பிரித்துவிட்டார், பிரித்துவிட்டுத் தானும் ஒரு தடவை நின்றார், சின்ன வயதில் குளத்தில் எறிந்த பொடிக் கூழாங்கற்கள் ஒவ்வொன்றாகத் தலையில் விழ "போதும்பா, போதும்பா" என்று தலையைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

பூங்காவனம் மட்டும் அந்தப் பக்கமே போகவில்லை. அவளுக்குத் தண்ணீரில் போனது எல்லோருக்கும் தெரியும். வடக்கே ஓர் ஏரிக்குக் கீழே மேய்த்துக்கொண்டிருந்தபோது, மதகுப் பக்கம் ஓடிய வாத்துக் குஞ்சின் பின்னால் போனாள் அவளுடைய ஒரே பெண் கோமதி. மதகுத் தண்ணீர் இழுத்துக்கொண்டது. தண்ணீர் வடிகிற வரைக்கும் தேடினார்கள், குஞ்சு கிடைத்தது. பிள்ளை கிடைக்கவில்லை, எதுவுமே கிடைக்கவில்லை. குஞ்சைப் போய்ப் பிடித்துவா என்று அனுப்பியவன் கலியன்.

ஒரு காலையில் பூங்காவனம் கூடாரத்திலிருந்து எழுந்து, யாரிடமும் எதுவும் சொல்லாமல், வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களைத் தாண்டிப் புடவைக்குள் போனாள். தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. வெளியே வந்தபோது அவள் விரலிடுக்கில் ஒரு கறுப்பு மணி இருந்தது, திருஷ்டிக்குப் பிள்ளையின் கையில் கட்டியது.

மறுநாள் கொலுசின் முத்து ஒன்று வந்தது. அதற்கு மறுநாள் ஓட்டையில் சிவப்பாக ஏதோ நீட்டிக்கொண்டிருந்ததைப் பிடித்து இழுத்தாள், ரிப்பன், இழுக்க இழுக்க வந்தது, ஒரு பக்க ஜடைக்கானது முழுசாக வந்தது. அதைக் காய வைத்துக்கொண்டே சொன்னாள்.

"அஞ்சல, நீ வந்து கேளேன். அவ மேலதான் இருக்கா."

அஞ்சலாட்சி குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய் நின்று கேட்டாள். தலையில் தண்ணீர் ஊற்றும்போது மூக்கில் வழிவதை ஊதித் தள்ளுகிற பிள்ளை எப்படி மூச்சு விடுமோ அப்படி ஒரு மூச்சு கேனுக்குள் கேட்டது. ஊதி, நிறுத்தி, மறுபடி ஊதியது. இடுப்பிலிருந்த குழந்தை மேலே பார்த்துச் சிரித்தது.

"கேட்டுதா?"

"கேக்குதுக்கா."

"அந்த ஓட்டையைக் கொஞ்சம் பெருசாக்கிக் குடேன். நீதானே போட்ட."

அஞ்சலாட்சி மூடியைப் பார்த்தாள், ஓஸைப் பார்த்தாள், கேனைப் பார்த்தாள். ஓட்டையைப் பெரிதாக்கினால் மூடி உடையும், மூடியை எடுத்தாலும் ஓஸில் கை நுழையாது, கேனை அறுத்தால் உள்ளே இருப்பது என்ன ஆகுமோ தெரியாது. தலை நுழைகிற மாதிரி வாய் இருக்கிற பெரிய டிரம் ஒன்று வாங்கி, அதன் அடியை அறுத்து, மூடிய வாய் கீழே வரும்படி தொங்கவிட்டு, இந்தக் கேன் தண்ணீரை ஒரு சொட்டு விடாமல் அதில் மாற்றி, ஒரே வீச்சாகத் திறந்துவிட வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியது.

"டிரம் வாங்கிப் பண்ணித் தரேன்க்கா. வியாழக்கெழம சந்தைக்குப் போவேன்ல, அப்ப பாக்கறேன்."

"அது வரிக்கும் தண்ணி தீராம பாத்துக்குவேன்," என்றாள் பூங்காவனம். அன்றிலிருந்து வேறு யாரையும் அங்கே விடவில்லை. ஊர்ப் பெண்களும் கேட்கவில்லை, வரப்பில் உட்கார்ந்து ஆளுக்கொரு குடமாகத் தண்ணீர் சுமந்து கேனில் ஊற்றிவிட்டுப் போனார்கள். குடம் தொலைத்தவள் இரண்டு நடை கூடுதலாகச் சுமந்தாள்.

கலியன் மந்தையின் பின்னாலேயே இருந்தான். தம்பி பெண்டாட்டி அவனிடம் நேராகப் பேசுவது வழக்கமில்லை என்றாலும் அஞ்சலாட்சி ஒரு நாள் கஞ்சியை வைத்துவிட்டுக் கேட்டாள். "மாமா, நீங்களும் ஒரு தடவ நின்னா இன்னா? உங்களுக்கும் பொண்ணுதான."

அவன் கோலால் சேற்றைக் கிளறிக்கொண்டே இருந்தான். "எனக்கு வந்துதுன்னா நான் அது மூஞ்ச எப்பிடிப் பாப்பேன்? போய்ப் புடிச்சாடின்னு சொன்னது நாந்தான?" என்றான். பிறகு, "பூங்காவனத்துக்கு வரட்டும். அவகிட்ட வந்தா போதும்," என்றான்.

வியாழக்கிழமை அஞ்சலாட்சி குழந்தையைப் பூங்காவனத்திடம் கொடுத்துவிட்டு டவுனுக்குப் போனாள். பழைய டிரம் விற்கிற கடையில் வாய் அகன்ற நீல டிரம் ஒன்று உடனே கிடைத்தது. மூக்கை வைத்துப் பார்த்தாள், பூச்சி மருந்து வாசனை.

"கழுவுனா போயிடும்மா, எல்லாரும் இதத்தான் எடுத்துக்கினு போறாங்க," என்றான் கடைக்காரன்.

"தண்ணி புடிக்க இல்லண்ணா. பச்சப் புள்ள பொழங்கணும்."

"அப்ப எண்ணெய் டிரம் வரும், மத்தியானத்துக்கு மேல. இருக்கறியா?"

அவள் இருந்தாள். பிள்ளை வருகிற வழியில் மருந்து நெடி அடிக்கக் கூடாது, கண் எரியும், மூச்சு முட்டும், ஏற்கெனவே எவ்வளவோ முட்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு கடை வாசலில் வேப்ப நிழலில் காத்திருந்தாள். எண்ணெய் டிரம் வந்ததும் சோடா மாவு வாங்கி அங்கேயே தேய்த்துக் கழுவினாள், கடைக்காரனிடமே சொல்லி அடியை அறுத்து, விளிம்பு கிழிக்காமல் இருக்க ஓரத்தை நெருப்பில் மழுக்கி வாங்கினாள், கையை விட்டுச் சுற்றிலும் தடவிப் பார்த்தாள், திருப்தியாக இருந்தது.

அவள் அங்கே கழுவிக்கொண்டிருந்தபோது இங்கே வரதன் வந்தார். நாளை வரவேண்டிய உழவு டிராக்டர் வேறொரு வேலை தள்ளிப் போனதால் இன்றைக்கே வருகிறது, மந்தையை எடுத்துவிடுங்கள் என்றார், குரலில் அவருக்கே வருத்தம் இருந்தது. கலியன் அடுத்த வயலுக்குப் போனில் பேசினான். கூடாரங்கள் சுருண்டன, வேன் வந்தது. மந்தையின் முன்னால் போய்க் குரல் கொடுத்து நடத்துவது எப்போதும் பூங்காவனம்தான், அவள் குரலுக்குத்தான் வாத்துகள் வரும். அஞ்சலாட்சியின் குழந்தையைத் தோளில் கட்டிக்கொண்டு கிளம்புமுன் புருஷனிடம் வந்தாள்.

"எல்லாத்தையும் ஊத்து. அந்தக் கேனை மட்டும் அப்பிடியே நிமித்தி வேன்ல வையி. தண்ணி தளும்பாம."

"ம்," என்றான் கலியன்.

அவள் "பாக், பாக், பாக்" என்று குரல் கொடுத்துக்கொண்டு வரப்பில் நடந்தாள், வாத்துகள் பின்னால் போயின. தனவேலும் செல்லக்கிளியும் அவள் புருஷனும் குடம் குடமாக எடுத்து ஊற்றினார்கள், ஊற்றிவிட்டுத் திரும்பாமல் வண்டிக்குப் போனார்கள். கலியன் சோற்றுச் சட்டித் தண்ணீரை ஊற்றினான், கை கழுவுகிற வாளியை ஊற்றினான், பிறந்ததிலிருந்து எத்தனையோ வயலில் செய்த வேலை, கை அதுபாட்டுக்குச் செய்தது, மரத்தடிக்குப் போய்க் கயிற்றை அவிழ்த்துக் கேனை இறக்கித் தோளில் சாய்த்து, வாயைத் திறந்து, அதையும் ஊற்றினான். பாதிக்கு மேல் போன பிறகுதான் தெரிந்தது. அதற்குள் கேன் கனமில்லாமல் ஆகிவிட்டது. மிச்சம் மளமளவென்று தானாகப் போனது. தண்ணீர் பாதத்தை நனைத்தது, ஏதோ ஒன்று பாதத்தைத் தொட்டது போலவும் இருந்தது, ஆனால் பின்னால் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பது அவன் எலும்பில் இருந்தது. காலிக் கேனைத் தூக்கிக்கொண்டு, முகத்தை முன்னால் வைத்துக்கொண்டு, வேனைப் பார்த்து நடந்தான்.

அஞ்சலாட்சி ஷேர் ஆட்டோவிலிருந்து இறங்கித் தலையில் டிரம்மோடு வரப்பில் வந்தபோது வயலில் யாரும் இல்லை. டிராக்டர் தூரத்து மூலையில் திரும்பிக்கொண்டிருந்தது. மரத்தடியில் தட்டைக் கல் ஈரமாக இருந்தது, ஈரத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. டிரம்மை இறக்கி வைத்தாள். அப்போதுதான் காலடிகளைப் பார்த்தாள்.

வாத்துக் கால் தடங்களுக்கு மேலே, சின்னக் காலடிகள், ஒவ்வொன்றிலும் தண்ணீர் நிறைந்து நின்றது. அவை எங்கிருந்தும் வரவில்லை, கல்லுக்குப் பக்கத்தில்தான் தொடங்கின. வேன் போன பக்கமாகக் கொஞ்ச தூரம் போய், திரும்பி, கூடாரங்கள் இருந்த இடத்துக்கு வந்தன. அடுப்புக் கற்களைச் சுற்றி வந்தன. பூங்காவனம் படுக்கிற இடத்தில், வைக்கோல் வெளுத்துக் கிடந்த சதுரத்தின் ஓரத்தில், இரண்டு காலும் சேர்ந்து ஆழமாகப் பதிந்திருந்தன, நெடுநேரம் நின்ற மாதிரி. அங்கிருந்து வாய்க்காலுக்குப் போயின. வாய்க்கால் கரையில் ஒரு காலடி இருந்தது, மற்றது தண்ணீரில்.

அஞ்சலாட்சி வாய்க்காலில் இறங்கி இடுப்பளவு தண்ணீரில் கையை விட்டுத் துழாவினாள். "கோமதி, கோமதிக்குட்டி, நான் சித்தி வந்திருக்கேன்," என்று கூப்பிட்டாள். டிராக்டர் பக்கத்தில் வந்தது. ஓட்டுகிறவனிடம் நிறுத்தச் சொல்லிக் கையைக் காட்டினாள், அவன் ஏதோ விட்டுப்போன சாமானைத் தேடுகிறாள் என்று நினைத்து நிறுத்தினான், கொஞ்ச நேரம் காத்திருந்தான், பிறகு அவனுக்கும் வேலை இருந்தது.

தனவேல் வண்டியில் வந்து அவளையும் டிரம்மையும் ஏற்றிக்கொண்டு போனான். புது வயலில் பூங்காவனம் அதற்குள் ஒரு கிளையில் கேனைக் கட்டி, தண்ணீர் நிரப்பி, மறைப்புகூடக் கட்டாமல் புடவையோடு அதன் கீழே நின்றுகொண்டிருந்தாள். கலியன் தூரத்தில் உட்கார்ந்து தன் இரண்டு கையையும் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வெறும் தண்ணிதான் வருது அஞ்சல," என்றாள் பூங்காவனம்.

அஞ்சலாட்சி குழந்தையை வாங்கிக்கொண்டாள். சொல்லாமல் விட்டுவிடலாமா என்று வழியெல்லாம் யோசித்திருந்தாள். பூங்காவனத்தின் முகத்தைப் பார்த்ததும், இவ்வளவு தூரம் வந்த பிள்ளையைப் பற்றிப் பெற்றவளுக்குத் தெரியாமல் இருப்பது நியாயமில்லை என்று பட்டது, குந்த வைத்து உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள்.

பூங்காவனம் அவள் எதிரே உட்கார்ந்தாள். கடைசியில் கேட்டாள். "எந்தப் பக்கம் தேடுனா?"

"வேன் போன பக்கம் கொஞ்சம். அப்பறம் கூடாரத்துப் பக்கம். நீ படுக்கற எடத்துல ரொம்ப நேரம் நின்னிருக்கா."

"காலு எத்தாம் பெருசு?"

அஞ்சலாட்சி விரலை விரித்துக் காட்டினாள். "இந்தா, ஒரு சாண் இருக்கும்க்கா. ரவ கூடவே இருக்கும்."

பூங்காவனம் தன் விரலை அதன்மேல் வைத்து அளந்தாள். "அப்ப வளந்திருக்கா," என்றாள்.

அதுவரை கைகளைப் பார்த்துக்கொண்டிருந்த கலியன் அப்போதுதான் அழுதான். "என் காலத் தொட்டுது பூங்காவனம். நான் திரும்பல," என்றான்.

மறுநாள் காலையில் அவர்கள் இரண்டு பேரும் கேனைத் தூக்கிக்கொண்டு பழைய வயலுக்குப் போனார்கள். வயல் முழுக்கப் புரண்டு கிடந்தது, கொக்குகள் புழு பொறுக்கிக்கொண்டிருந்தன. வாய்க்காலில் மொண்டு, கலியன் ஊற்றினான், அவள் எதிரே நின்றாள். கலியன் ஊற்றினான், அவள் இடப்பக்கம் நின்றாள். அஞ்சலாட்சி கொண்டுவந்த டிரம்மிலும் நிரப்பி ஊற்றினார்கள், அதன் வாய் அகலம், தண்ணீர் ஒரே வீச்சில் கொட்டி ஒரே வீச்சில் தீர்ந்துவிட்டது. உழுத மண் எல்லாவற்றையும் குடித்தது. வரதன் வரப்பில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், விதைப்பை இன்னும் ரெண்டு நாள் தள்ளிப் போடுகிறேன் என்றார். தள்ளியும் போட்டார்.

இப்போதும் அந்தக் கூட்டம் போகிற இடமெல்லாம் அஞ்சலாட்சி கூடாரம் போடுவதற்கு முன்னால் கேனைத்தான் கட்டுகிறாள். அதிலிருந்து வெறும் தண்ணீர் வருகிறது, வெயிலில் சூடேறிய நல்ல தண்ணீர், எல்லோரும் நிம்மதியாகக் குளிக்கிறார்கள். மேலே எதையாவது பொருத்தும்போது அவள் கை சில சமயம் நின்றுவிடும், அந்த மருந்து டிரம்மையே எடுத்திருந்தால் மத்தியானத்துக்கே வந்து சேர்ந்திருக்கலாம் என்று மனசு போகும், யாராவது கூப்பிட்டால் திரும்பிவிடும். வேறு மேய்ச்சல்காரர்கள் அவள் கேனைப் பார்த்து அதே மாதிரி செய்துகொண்டார்கள், எல்லோரிடமும் அவள் ஒன்றைத்தான் சொல்கிறாள், அடியை அறுத்தால் ஓரத்தை மழுக்குங்கள், பிள்ளைகளைக் கிழிக்கும்.

கிளம்புகிற அன்றைக்கு எப்போதும் போல எல்லாத் தண்ணீரையும் அந்த மண்ணிலேயே ஊற்றுகிறார்கள். கடைசியாகக் கேனைக் கலியன் ஊற்றுகிறான். ஊற்றிவிட்டு எல்லோரும் திரும்பி நின்று, ஈரம் மண்ணுக்குள் இறங்கி மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். வாத்துகள் நிஜமாகவே திரும்பிவிடுகின்றன. அத்தனையும் வரப்பில் தடதடவென்று ஓடிவந்து, ஈரத்தைச் சுற்றி நின்று, கழுத்தை நீட்டிப் பார்க்கின்றன. "கெட்டுது போ, இனி இதுங்கள மடக்கி ஓட்டறதுக்குள்ள பொழுது போயிடும்," என்று செல்லக்கிளி முதலில் திட்டுவாள், பிறகு அவளும் நிற்பாள்.

அடுத்த வயலுக்கு எப்போதும் தாமதமாகத்தான் போய்ச் சேருகிறார்கள். ஏன் இவ்வளவு நேரம் என்று நிலத்துக்காரர்கள் கேட்டால், வாத்து திரும்பிடிச்சிங்க என்கிறான் கலியன். ஒரு தடவை ஈரம் காய்ந்தும் பூங்காவனம் நகரவில்லை. போகலாமா அக்கா என்று அஞ்சலாட்சி மெதுவாகக் கேட்டாள்.

"ரவ இரு," என்றாள் பூங்காவனம். "எல்லாக் கூடாரத்தயும் சுத்திப் பாத்துட்டுதான வருவா."